நாகூரில் நான்கு நாள்

பொகவந்தலாவை, இலங்கை,
ஞாயிற்றுக்கிழமை காலை.

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். வாட்ஸப்பில் பேசினால் போதாதா, இதென்ன பழைய காலத்து வேலை என்று சிரிப்பாய். இங்கே லயத்தில் (தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளில்) ஒரு கொய்யா மரத்தடியில்தான் சிக்னல் கிடைக்கிறது. அங்கே எந்நேரமும் நாலு பேர் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். நான் சொல்லப்போவது அவர்கள் காதில் விழ வேண்டிய விஷயம் இல்லை. அதனால் தம்பியின் நோட்டில் தாள் கிழித்து எழுதுகிறேன். அவன் போட்டோ எடுத்து அனுப்புவான். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள், குளிரில் விரல் மடங்கவில்லை.

அன்றைக்கு நைட் டியூட்டிக்கு நடுவில் போன் பண்ணி நீ அழுதது இன்னும் காதில் இருக்கிறது. "நான்தான்ப்பா கப்பல் கப்பல்னு அடம் பிடிச்சேன். பேசாம திருச்சியில இருந்து பிளேன்ல அனுப்பியிருந்தா சடங்குக்குப் போய்ச் சேர்ந்திருப்பீங்க" என்றாய். உண்மைதான், போய்ச் சேர்ந்திருப்போம். என் அத்தையின், அதாவது தாத்தாவின் தங்கச்சியின், பேத்தி சடங்கு எங்களுக்காகக் காத்திருக்கவில்லை. சீர்த்தட்டில் வைக்க அம்மா பார்த்துப் பார்த்து எடுத்த பட்டுப்பாவாடையை, எல்லாம் முடிந்து பந்தல் பிரித்த பிறகுதான் கொடுத்தோம். அந்த வருத்தம் இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். ஆனாலும் நீ அழ வேண்டியதில்லை. ஏன் என்று அன்றைக்கு எனக்கே தெரியாததால் "விடு கண்ணு, விடு" என்று மட்டும் சொன்னேன். இப்போது சொல்கிறேன்.

சேரம்பாடியில் கிளம்பி கூடலூர், கோவை, திருச்சி என்று பஸ் மாறி மாறி நாகப்பட்டினத்தில் இறங்கியபோது தாத்தா நன்றாகத்தான் இருந்தார். மறுநாள் காலையில் கப்பல். 60 கடல் மைல், நான்கு மணி நேரம், மத்தியானச் சாப்பாடு யாழ்ப்பாணத்தில் என்று தம்பி கணக்குப் போட்டு வைத்திருந்தான். ராத்திரி எட்டு மணிக்குக் கம்பெனியில் இருந்து மெசேஜ் வந்தது. கடல் சீற்றம், நாளைக்குக் கப்பல் இல்லை, அடுத்த தேதி பிறகு அறிவிக்கப்படும். அவ்வளவுதான். ஆந்திரப் பக்கம் தாழ்வு மண்டலமாம், இங்கே காற்றாம். கப்பல்காரர்களைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. 150 பேர் உட்காரும் சின்னக் கப்பல் அது. 2023 அக்டோபரில் இந்த வழியில் கப்பல் விட ஆரம்பித்தபோதே, மழைக்காலம் வருகிறது என்று சில நாளில் நிறுத்திவிட்டார்கள். அடுத்த வருஷம் ஆகஸ்டில்தான் மறுபடி விட்டார்கள். இதெல்லாம் தெரிந்துதான் வந்தோம். தெரிந்திருந்தாலும் நமக்கென்று வரும்போது கோபம் வரத்தான் செய்கிறது.

அறைக்காரர் காலையில் கதவைத் தட்டினார். வேளாங்கண்ணித் திருவிழா, அறையெல்லாம் முன்பதிவு, காலி பண்ணுங்கள் என்றார். ரோட்டில் எட்டிப் பார்த்தால் காவி கட்டிய கூட்டம் தோளில் பையோடு நடந்து போய்க்கொண்டே இருக்கிறது. ஆட்டோக்காரர் ஒருவர்தான், "நாகூர் போயிருங்க சார், அங்க எப்பவும் இடம் இருக்கும்" என்று கூட்டிப்போனார். தர்காவுக்குப் பின்னால் ஒரு சந்து, மாடியில் ஓர் அறை. ஜன்னலைத் திறந்தால் மினாராவும் புறாக்களும். அம்மா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு துணிகளைத் துவைத்துக் காயப்போட்டாள். அந்த முகம் உனக்குத் தெரியும்.

முதல் நாள் இப்படியே புலம்பிக்கொண்டே போனது. சாயங்காலம் தாத்தாவைக் கூட்டிக்கொண்டு தர்காவுக்குப் போனேன். அங்கே இருக்கும் ஐந்து மினாராக்களில் பெரியது 131 அடி. தஞ்சாவூரை ஆண்ட மராட்டிய ராஜா பிரதாப் சிங் கட்டிக் கொடுத்தது. பூ விற்கும் பெரியவர் ஒருவர், நாங்கள் கப்பலுக்குக் காத்திருக்கிறோம் என்று தெரிந்ததும் உட்கார வைத்துக் கதை சொன்னார். நடுக்கடலில் ஒரு கப்பலில் ஓட்டை விழுந்துவிட்டது. இங்கே நாகூர் எஜமான், அதாவது இந்தத் தர்காவில் அடங்கியிருக்கும் ஷாகுல் ஹமீது ஆண்டவர், சவரம் பண்ணிக்கொண்டு இருந்தார்கள். கையில் இருந்த கண்ணாடியைத் தூக்கி எறிந்தார்கள். அது பறந்து போய் ஓட்டையை அடைத்துக்கொண்டது. அன்றிலிருந்து கப்பல்காரர்கள் வந்து நேர்ந்துகொள்ளும் இடம் இது. வேளாங்கண்ணிக் கதையும் கிட்டத்தட்ட இப்படித்தான் இல்லையா? புயலில் சிக்கிய போர்ச்சுக்கீசிய மாலுமிகள் செப்டம்பர் 8-ஆம் தேதி கரை சேர்ந்து, நேர்ந்துகொண்டபடி மாதாவுக்குக் கோயில் கட்டினார்கள். இந்தக் கரையில் எந்தச் சாமியைக் கேட்டாலும் கடலில் யாரையோ காப்பாற்றிய கதை ஒன்று இருக்கிறது. காப்பாற்ற முடியாமல் போன கதையும் இருக்கிறது. 2004 சுனாமியில் இந்த மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் போனார்கள். பூக்காரப் பெரியவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

இரண்டாம் நாள் துறைமுகம் பக்கம் போனோம். கம்பத்தில் ஒன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு தொங்கிக்கொண்டிருந்தது. ரேடியோவில் வருஷா வருஷம் கேட்ட வார்த்தை, கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான். வாத்தியார் புத்தி சும்மா இருக்குமா, தம்பிக்குப் பாடம் எடுத்தேன். ஒன்றாம் எண் என்றால் தூரத்தில் ஏதோ உருவாகியிருக்கிறது, நமக்கு இப்போது ஆபத்து இல்லை என்று அர்த்தம். அப்படியே ஏறிக்கொண்டே போய் 11 வரை இருக்கிறது. "ஒண்ணாம் நம்பருக்கே இந்தப் பாடா" என்றார் தாத்தா.

டீக்கடையில் ஒருவர் ராஜூலா கப்பலைப் பற்றிப் பேசினார். அவருடைய அப்பா அதில் பினாங்கு போனவராம். கரை ஆழமில்லாததால் கப்பல் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்குமாம். படகில் போய் ஏணியில் ஏற வேண்டுமாம். 1973-ல் அந்தக் கப்பலை நிறுத்திவிட்டார்கள் என்றார். தாத்தா டீயைக் கீழே வைத்துவிட்டு, "நானும் அந்த வருஷந்தான் வந்தேன்" என்றார். அந்த மனிதர் அதே கப்பல் என்று நினைத்துக்கொண்டு, "பினாங்குல இருந்தா?" என்று கேட்டார். "இல்லை, தலைமன்னார்" என்று சொல்லிவிட்டு தாத்தா எழுந்துவிட்டார். அப்போது எனக்கு உறைக்கவில்லை.

அன்றைக்கு ஆவணி ஆயில்யம். கடற்கரையில் அதிபத்த நாயனார் விழா நடந்தது. 63 நாயன்மார்களில் அவர் இந்த ஊர் மீனவர். வலையில் விழும் முதல் மீனைச் சிவனுக்கென்று கடலில் விட்டுவிடுவார். நாள் கணக்காக ஒரே ஒரு மீன்தான் கிடைத்தது, அதையும் விட்டார். கடைசியில் பொன் மீன் கிடைத்தது, அதையும் விட்டார். அதைத்தான் நடித்துக் காட்டுகிறார்கள். நாயனாரைப் படகில் வைத்து, தங்க மீனைக் கடலில் விட்டு, ஒரே கூட்டம், ஒரே மேளம். காற்று மணலை வாரி முகத்தில் அடித்தது. தாத்தா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பிடிச்சதைத் திருப்பிக் கொடுத்தவனுக்கு ஒரு விழா. நல்ல ஊருதான்" என்றார். கிண்டல் என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

அன்று ராத்திரி தாத்தா சாப்பிடவில்லை. வாடா வாங்கி வந்து கொடுத்தேன், இங்கே இறால் வைத்துச் சுடுவார்கள், பிரமாதம். தொடவில்லை. "நீங்க போயிட்டு வாங்க. நான் இங்கேயே இருந்துக்கிறேன். இல்லாட்டி ஊருக்குப் போயிடுறேன்" என்றார்.

அம்மாவுக்கு வந்ததே கோபம். பேத்தி ராத்திரி பகல் பார்க்காமல் வேலை செய்து டிக்கெட் போட்டிருக்கிறாள், அங்கே அத்தை வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், இவர் என்னடாவென்றால் என்று ஆரம்பித்துவிட்டாள். நான் கடல் பயமாக இருக்கும் என்று நினைத்தேன். தம்பி காதில் போனை மாட்டிக்கொண்டான்.

மறுநாள் மூன்றாவது நாள். மத்தியானம் தர்கா குளத்துப் படியில் நானும் தாத்தாவும் மட்டும். ரொம்ப நேரம் புறாவைப் பார்த்துக்கொண்டிருந்தவர், மடியில் இருந்த துணிப்பையில் கைவிட்டு ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்தார். உள்ளே நாலாக மடித்த, மடிப்பில் கிழிந்த ஒரு காகிதம். அதைப் பார்த்ததும் எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிறப்பு அத்தாட்சிப் பத்திரம். அத்தையுடையது.

தாத்தா 1973-ல் இலங்கையை விட்டு வந்த கதை நமக்குத் தெரிந்ததுதான். கண்டி ஆபீஸில் பாஸ்போர்ட் கொடுத்தது, ஹட்டனில் கோச்சி (ரயில்) ஏறியது, போகிறவர்கள் உள்ளே இருந்தும் நிற்கிறவர்கள் பிளாட்பாரத்தில் இருந்தும் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு அழுததால் அதற்கு அழுகைக் கோச்சி என்று பேர் வந்தது, தலைமன்னாரில் ராமானுஜம் கப்பல், ராமேஸ்வரம், மண்டபம் கேம்ப். சின்ன வயதில் நீ இதைத்தானே கதை சொல்லு கதை சொல்லு என்று கேட்பாய். அந்தக் கதையில் தாத்தா விட்டுவிட்ட ஓர் இடம் இருந்திருக்கிறது.

இந்தியக் குடியுரிமைக்கு மனுப் போட்டபோது வீட்டில் இருந்த காகிதத்தையெல்லாம் ஒரே கட்டாகக் கட்டித் தகரப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். அத்தைக்குக் கல்யாணமாகிவிட்டது, அவள் புருஷன் வீட்டார் இலங்கைக்கு மனுப் போட்டிருந்தார்கள், அதனால் அவள் அங்கே. கேம்பில் பதிவு வரிசையில் நின்று கட்டைப் பிரித்தால் அத்தையின் பத்திரமும் அதில் இருக்கிறது.

"அனுப்பணும்னுதான் இருந்தேன். மொதல்ல கையில காசில்ல. அப்புறம் எங்கப்பாவுக்குக் காய்ச்சல். இந்தப் பேப்பர் இங்க இருக்குன்னு தெரிஞ்சா கேம்ப்ல ஏதாவது கேப்பாங்களோன்னு ஒரு பயம். ஒரு மாசம் தள்ளுச்சு, ரெண்டு மாசம் தள்ளுச்சு. வருஷம் ஆனப்புறம் அனுப்பாததைவிட அனுப்புறது அசிங்கமாயிடுச்சு."

இதுவரைக்கும்கூட சரி. கேம்பில் இருந்த மனுஷன், 25 வயசு, என்ன செய்திருப்பான் என்று மனசு சமாதானம் சொல்லும். ஆனால் 1975-ல் அத்தை கடிதம் போட்டிருக்கிறாள். 'அண்ணே, என் பிறப்புப் பத்திரம் உங்கள் பெட்டியோடு வந்துவிட்டதா பார்த்து எழுதுங்கள்' என்று யாரையோ பிடித்து எழுத வைத்து அனுப்பியிருக்கிறாள். தாத்தா இல்லை என்று பதில் எழுதிவிட்டார்.

அந்த ஒரு வார்த்தை எழுதியதற்கப்புறம் 83 கலவரம் வந்தது, சண்டை வந்தது, கடிதமே நின்று போனது. தாத்தா பத்திரத்தை எங்கே வைத்திருந்தார் தெரியுமா? நம் வீட்டுச் சாமி படத்துக்குப் பின்னால். வருஷா வருஷம் பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது அந்தப் படத்தை மட்டும் அவரே கழற்றுவார். நானும் பக்தி என்று நினைத்தேன்.

2003-ல் அத்தையிடம் இருந்து ஒரு கடிதம் வந்த நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அங்கே புதுச் சட்டம் வந்து, நாடற்றவர்களாக மிச்சம் இருந்தவர்களுக்குக் குடியுரிமை கொடுத்தார்கள். 'எனக்கும் பிரஜாவுரிமை கிடைத்துவிட்டது அண்ணே' என்று எழுதியிருந்தாள். ஊருக்கே மிட்டாய் கொடுத்திருக்க வேண்டிய தாத்தா, கடிதத்தை மடித்து வைத்துவிட்டுத் தோட்டத்துப் பக்கம் போய் இருட்டின பிறகுதான் வந்தார். இருபது வருஷம் கழித்து நாகூர்க் குளத்துப் படியில்தான் எனக்கு அதற்கு அர்த்தம் தெரிந்தது.

எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் பாடம் எடுப்பதுதானே. சொல்லிப் பார்த்தேன். அப்பா, 1948-ல் அவர்கள் போட்ட குடியுரிமைச் சட்டம் நாம் பிறந்ததை மட்டும் கேட்கவில்லை, நம் அப்பா அங்கே பிறந்ததற்கும் அத்தாட்சி கேட்டது. தாத்தா பாட்டனெல்லாம் கால்நடையாகப் போனவர்கள், யாரிடம் இருந்தது அத்தாட்சி? 1964-ல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் நம் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டபோது 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மிச்சம் 1,50,000 பேரை அப்புறம் பார்க்கலாம் என்று வைத்துவிட்டு, 74-ல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். இதில் உங்கள் கையில் இருந்த ஒரு காகிதம் என்ன செய்திருக்கும்?

தாத்தா முழுக்கக் கேட்டார். குறுக்கே பேசவில்லை. "சட்டம் என்ன வேணா கேட்டிருக்கட்டும். அவ என்னைத்தானே கேட்டா" என்றார்.

அதற்கு என்னிடம் பதில் இல்லை. இரண்டு பேரும் எழுந்து வந்துவிட்டோம்.

பாப்பா, இந்தப் பயணத்தை முடிவு செய்தது யார் என்று அன்றைக்கு யோசித்துப் பார்த்தேன். நீ முடிவு செய்தாய். கோபித்துக்கொள்ளாதே, நானும்தான் சேர்ந்து முடிவு செய்தேன். தாத்தா கப்பலில் வந்தவர், கப்பலிலேயே திரும்பிப் போய்த் தங்கச்சியைப் பார்க்கட்டும் என்று நீ சொன்னபோது கேட்க எவ்வளவு அழகாக இருந்தது. நம் இரண்டு பேருக்கும் கண்ணில் தண்ணீர். அவரைக் கேட்டோமா? "என்னப்பா, சந்தோஷமா?" என்று கேட்டோம். அது கேள்வியா? 1973-ல் அவருடைய அப்பா முடிவு செய்தார், இவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தார். இப்போது பேத்தி முடிவு செய்தாள், இவர் பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். அவ்வளவுதான் வித்தியாசம்.

பிளேன் என்றால் ஒரு மணி நேரத்தில் கொழும்பு. சொன்ன நாளில் கப்பல் கிளம்பியிருந்தால் நான்கு மணி நேரத்தில் காங்கேசன்துறை. இரண்டிலும் அந்தப் பிளாஸ்டிக் கவர் துணிப்பையிலேயே போய், பையிலேயே திரும்பி வந்திருக்கும், நிச்சயம். அத்தையைப் பார்த்து அழுதிருப்பார்கள், போட்டோ எடுத்திருப்போம், சாமி படத்துக்குப் பின்னால் பத்திரம் மறுபடி ஏறியிருக்கும். நீ அழுத அந்த நான்கு நாள் தாமதம் இல்லாமல் தாத்தாவுடைய 51 வருஷத் தாமதம் வெளியே வந்திருக்காது.

மூன்றாவது நாள் ராத்திரி அம்மாவிடம் மட்டும் சொன்னேன். அவள் ஒன்றும் பேசவில்லை. காலையில் தாத்தாவுக்குக் காபி கொண்டுபோய்க் கொடுத்து, "மாமா, போறதும் போகாததும் உங்க இஷ்டம். டிக்கெட் காசைப் பத்தி யோசிக்காதீங்க" என்றாள். நான் 1948 சட்டத்தில் ஆரம்பித்துச் சொன்னதைவிட இது எவ்வளவோ மேல்.

நான்காம் நாள் தாத்தா தனியாகவே சுற்றினார். எங்கே போனீர்கள் என்று கேட்டதற்கு அக்கரைப்பேட்டையில் மீன்காரர்களோடு பேசிக்கொண்டிருந்தேன் என்றார். கச்சான் காற்று இறங்கிவிட்டதாம், நாளைக்குக் கடல் சொன்ன பேச்சைக் கேட்குமாம். வரும்போது அரைக்கிலோ தம்ரூட் இனிப்பு வாங்கி வந்திருந்தார். "தங்கச்சிக்கு" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. மத்தியானம் கம்பெனி மெசேஜும் வந்தது. விடிகாலை மூன்றரைக்கு நான் கண் விழித்துப் பார்த்தால் தாத்தா குளித்து, சவரம் பண்ணி, வெள்ளைச் சட்டை போட்டுப் பெட்டிமேல் உட்கார்ந்திருக்கிறார். பிளாஸ்டிக் கவர் துணிப்பையில் இல்லை, சட்டைப் பையில் இருந்தது.

கப்பலைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. ஏசி, வரிசையாக இருக்கை, பஸ் மாதிரிதான். தம்பி பாதி வழியில் இரண்டு கவர் நிறைய வாந்தி எடுத்தான். நான் ஒரு கவர். தாத்தா ஜன்னலோரம் உட்கார்ந்து கொண்டுபோன இட்லியை முழுக்கச் சாப்பிட்டார். காங்கேசன்துறையில் கலங்கரை விளக்கம் தெரிந்ததும் எழுந்து நின்றார். குடிவரவில் அதிகாரி முத்திரை குத்திக் கொடுத்த பாஸ்போர்ட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "அன்னைக்கி இனிமே இங்க வராதேன்னு அனுப்பினாங்க. இன்னைக்கி முப்பது நாள் இருன்னு குத்தியிருக்காங்க" என்றார். பின்னால் நின்ற யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர் சிரித்துவிட்டார்.

யாழ்ப்பாணத்தில் ஒரு ராத்திரி. அப்புறம் கண்டி பஸ், கண்டியில் இருந்து ஹட்டன், ஹட்டனில் இருந்து இங்கே. வழியெல்லாம் தாத்தா பெயர்ப்பலகையைப் பார்த்துப் பார்த்து ஊர்ப் பெயரைச் சத்தமாகப் படித்துக்கொண்டே வந்தார்.

அத்தை வாசலில் நின்றாள். இருவரும் எப்படிக் கட்டிக்கொண்டார்கள், எவ்வளவு நேரம் அழுதார்கள் என்பதைத் தம்பி வீடியோவில் பார்த்திருப்பாய். வீடியோவில் வராததைச் சொல்கிறேன். ராத்திரி எல்லோரும் காம்பிராவில் (லயத்து அறையில்) அடுப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். தாத்தா எந்த முன்னுரையும் இல்லாமல் சட்டைப் பையில் இருந்து எடுத்து அத்தை கையில் வைத்தார். "நீ கேட்டப்ப இல்லைன்னு எழுதினேன். எங்கிட்டதான் இருந்துச்சு" என்றார். எனக்கு வயிறு கலங்கியது.

அத்தைக்குப் படிக்கத் தெரியாது. கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மடியில் வைத்துத் தடவினாள். ரொம்ப நேரம் யாரும் பேசவில்லை, அடுப்பு மட்டும் வெடித்துக்கொண்டிருந்தது. அப்புறம் பேரனைக் கூப்பிட்டு, "என்ன போட்டிருக்கு, வாசி" என்றாள். அவன் வெளிச்சத்தில் பிடித்து ஒவ்வொரு கட்டமாக வாசித்தான். அம்மா பெயர், அப்பா பெயர், தோட்டத்தின் பெயர், தேதி. வருஷம் 1952 என்றான்.

"இன்னொரு தடவை வாசி."

"ஐம்பத்திரண்டு, அம்மாயி."

அத்தை அடையாள அட்டையை எடுத்து வரச் சொன்னாள். அதில் 1950. பேப்பர் இல்லாததால் யாரோ குத்துமதிப்பாகப் போட்ட வருஷம். அத்தை இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு தாத்தாவை நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்ப ரெண்டு வருஷம் முன்னாடியே என்னை வேலையை விட்டு நிறுத்திட்டானுங்களா? ரெண்டு வருஷப் பேர் போச்சேண்ணே!"

பேர் என்றால் தோட்டத்தில் ஒரு நாள் கூலி. அவள் கோபமாகத்தான் சொன்னாள். தாத்தா தலையைக் குனிந்துகொண்டார். அடுத்த நிமிஷம் அத்தைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு நிற்கவில்லை, இருமல் வந்து தம்பி ஓடிப் போய்த் தண்ணீர் கொண்டுவந்தான். "கெழவிக்கு ரெண்டு வயசு கொறைச்சுக் கொண்டாந்து குடுத்திருக்காரு எங்கண்ணன்" என்று லயத்தில் இருக்கிற எல்லோரிடமும் இன்று காலையில் இருந்து சொல்லிக்கொண்டிருக்கிறாள். ஆனால் 1975 கடிதத்தைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. மன்னித்துவிட்டாள் என்று எழுத எனக்குத் தைரியம் இல்லை. காலையில் தாத்தாவுக்குத் தேத்தண்ணி போட்டுக் கொடுக்கும்போது சீனி போடாமல் கொடுத்தாள், அவருக்குச் சர்க்கரை இருப்பது ஞாபகம் வைத்திருக்கிறாள் என்று அம்மா சொன்னாள். மறந்துபோய்க்கூட போடாமல் விட்டிருக்கலாம் என்று நான் சொன்னேன். அதற்கு ஒரு சண்டை.

பத்திரத்தை அத்தை இப்போது பிளாஸ்டிக் கவரோடு தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறாள்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள். நைட் டியூட்டி முடிந்து வெறும் வயிற்றில் தூங்காதே. இன்னொரு வேலை இருக்கிறது உனக்கு. வருகிற வியாழக்கிழமைக்குத் திரும்பும் டிக்கெட் போட்டிருக்கிறாய் அல்லவா, அதைத் தள்ளி வைக்க முடியுமா என்று கம்பெனியில் கேள். எனக்கும் அம்மாவுக்கும் தம்பிக்கும் அந்தத் தேதியே இருக்கட்டும், எனக்கு லீவு இல்லை. தாத்தாவுக்கு மட்டும் மாற்ற வேண்டும். எவ்வளவு நாள் என்று கேட்டேன். முத்திரையில் முப்பது நாள் போட்டிருக்கிறதே என்கிறார்.

அன்புடன்,
அப்பா